கூடுதலாகச் சேமித்த குற்றம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தைகளும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தங்கையைக் கொடுத்த இடம் என்பதால் உங்களிடம் குரலை உயர்த்திப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். உங்களைக் குறை சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. குறைதான் சொல்லப்போகிறேன், நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போன வருஷத் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே நீங்கள் என்னிடம், "மச்சான், கம்பெனியில ஓய்வு நிதின்னு பிடிக்கிறாங்கல்ல, அதுல எவ்வளவு முடியுமோ அவ்வளவு போட்டு வைங்க. வரியும் குறையும், பின்னாடி யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொன்னீர்கள். நானும் மறுநாளே அட்டைப்பெட்டிக் கம்பெனியில் எழுதிக் கொடுத்து, சம்பளத்தில் பெரும் பங்கை அந்த நிதிக்குத் திருப்பிவிட்டேன். வருஷத்தின் நடுவில் அந்த வேலையை விட்டு மருந்து பாட்டில் கம்பெனிக்கு மாறியது உங்களுக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் தரம் பார்க்கிற வேலைதான். அங்கே மூலை நசுங்கிய பெட்டியை ஒதுக்கினேன், இங்கே கழுத்து கோணிய பாட்டிலை ஒதுக்குகிறேன். சேர்ந்த அன்றைக்கே ஒரு படிவத்தை நீட்டி, ஓய்வு நிதிக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்டார்கள். உங்கள் முகம்தான் கண் முன்னால் வந்தது. முடிந்த மட்டும் பிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது வரிக் கணக்கு கொடுக்கிற நேரம். கணக்கு எழுதித் தருகிறவரிடம் இரண்டு கம்பெனிச் சம்பளச் சான்றையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் இரண்டையும் கூட்டினார், மறுபடி கூட்டினார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் கூட்டினார். "ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு வரம்பு இருக்கு சார், நீங்க தாண்டிட்டீங்க" என்றார். சேமித்தது தப்பா என்று கேட்டேன். "சேமிச்சது தப்பில்ல, அளவு மீறினதுதான் தப்பு. கணக்கு கொடுக்கற கடைசி நாளுக்குள்ள, மீறின பணத்தையும் அதுல வந்த லாபத்தையும் வெளியே எடுத்துடணும். இல்லேன்னா இப்ப ஒரு தடவை வரி, வயசானப்புறம் எடுக்கும்போது அதே பணத்துக்கு இன்னொரு தடவை வரி" என்றார். கம்பெனிக்காரர்கள் ஏன் சொல்லவில்லை என்றேன். "அவங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. உங்களுக்கு ரெண்டு பேரையும் தெரியுமே" என்றார். சான்றுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

கடைசி நாளுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, மாப்பிள்ளை. நாட்காட்டியைப் பார்ப்பேன், வாசல் வரை போவேன், திரும்பி வந்து அதே நாட்காட்டியைப் பார்ப்பேன், அதற்குள் தேதி மாறியிருக்கும் என்பது போல. "நடக்கறதுதான் நடக்கறீங்க, பால் வாங்கிட்டு வந்தாவது நடங்க" என்றாள் என் வீட்டுக்காரி. ஒரே நாளில் நாலு தடவை பால் வாங்கி வந்தேன். வேலையிலும் கவனம் இல்லை. கோணல் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய என் கண் முன்னாலேயே தாண்டிப் போய்விட்டன. புதுக் கம்பெனியில் கேட்டால், எங்கள் திட்டத்தில் அப்படித் திருப்பித் தருகிற ஏற்பாடே கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பழைய கம்பெனி. அங்கே சம்பளப் பிரிவைப் பார்ப்பது ஒரு அம்மாள்.

அந்த அம்மாளைப் பற்றி உங்களிடம் ஒன்று மறைத்திருக்கிறேன். என் வழியனுப்பு விழாவில், கேண்டீனில், மைக்கைக் கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "லீவு கேட்டா தன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி பார்ப்பாங்களே, அந்த முகத்தை இனிமே பார்க்க வேண்டாம்ங்கறதுதான் இந்தக் கம்பெனி எனக்குக் கொடுத்த பெரிய பரிசு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மட்டும் தட்டில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் செய்தேன். அவர் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். மறுபடி செய்தேன், மறுபடி வைத்தேன். மூன்றாவது தடவை அவரே, "வெச்சிடாதீங்க, நம்பர் தெரியுது. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்றார்.

போனேன். வாசல் காவலாளி என்னைக் கண்டதும் எழுந்து, "மேடத்தையா பார்க்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே மாடி வரை துணைக்கு வந்து கதவோரம் நின்றுகொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் என் பைலில் இருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் வேலையை விட்ட வாரமே எனக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். இதுவரை இங்கே இவ்வளவு பிடித்திருக்கிறோம், புது இடத்தில் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரம்பைத் தாண்டும் என்று தெளிவாக இருந்தது. அந்த உறை வீட்டுக்கு வந்ததும், அதில் அவர் கையெழுத்தைப் பார்த்ததும், விழாவில் பேசியதற்குத் திட்டி எழுதியிருப்பார் என்று பிரிக்காமலே கிழித்துப் போட்டதும் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"மைக்ல சொன்னதை மைக்ல திருப்பிச் சொல்லணும்னு நான் கேட்கல" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்கிற விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்துக்கொண்டே, "நீங்க சொன்னதுக்கப்புறம் வீட்ல கண்ணாடியைப் பார்த்தேன். சரி, சிரிச்சுப் பேசலாம்னு ஆரம்பிச்சேன். எல்லாரும் பயந்துட்டாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருத்தரும் லீவே கேக்கல" என்றார். காவலாளி இருமுவது போல வெளியே போய்விட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் காட்டிய ஐந்து இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் பணம் வந்துவிடும் என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, இவ்வளவுக்கும் காரணம் நீங்கள் கை கழுவும்போது சொன்ன ஒரு வார்த்தை. இனிமேல் எங்கள் வீட்டில் நீங்கள் வயிறாரச் சாப்பிடலாம், உரிமையோடு நாலு நாள் தங்கலாம், யோசனை மட்டும் சொல்ல வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தங்கைக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள், நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மீது என்றும் மரியாதை குறையாத மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்த அம்மாள் போன் செய்தார். பைலை மூடும்போது என் பிறந்த தேதி கண்ணில் பட்டதாம். ஐம்பது வயது முடிந்தவர்களுக்கு வரம்பே கூடுதலாம். எனக்கு ஐம்பத்திரண்டு. அதன்படி பார்த்தால் நான் எதையும் தாண்டவில்லை, பணம் இருந்த இடத்திலேயே இருக்கலாம், நாளைக் காலை போய் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டியதுதான். கணக்கு எழுதுகிறவரிடம் கேட்டேன். "உங்களைப் பார்த்தா நாப்பத்தஞ்சுதான் சார் சொல்ல முடியும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் கோபப்படவும் மனம் வரவில்லை. உங்களைப் பற்றி எழுதிய வரிகளை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டேன். மை சரியாக மறைக்கவில்லை. அருள்கூர்ந்து உற்றுப் பார்க்க வேண்டாம்.