கடல்சாமியின் குடிவரவுச் சான்று

எங்கள் தொமாரிசாக்கிக் கோயிலின் தலவரலாறு சின்னது. தோசுகே என்ற மீனவனின் வலையில் ஒரே கல் மூன்று முறை ஏறியது. மூன்றாம் முறை கும்பிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தான். அன்று பட்டில் சுற்றிப் பெட்டியில் வைத்த சாமியை இதுவரை எவரும் திறந்து பார்த்ததில்லை, பூசாரி குஸுமாகி உட்பட. பார்க்கக் கூடாது என்பது முறை.

இந்த வசந்தத்தில் நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவு மேலான முடிவொன்று எடுத்தது. தலவரலாற்றை ஆதாரத்தோடு பதியாத கோயில்கள், மக்கள் நலன் கருதி, வாகன நிறுத்தமாக உயர்த்தப்படும். எங்கள் ஊரில் இருப்பதே ஆறு கார்.

துணைப் பிரிவுத் தலைவர் ஒகாஜிமா படிவத்தோடு வந்தார்.

"சாமி எந்த வருஷம் இங்க குடிவந்தாங்க?"

"யாருக்குங்க தெரியும்? ரொம்பக் காலம் முன்னாடி," என்றார் பூசாரி.

"அதுக்குக் கட்டம் இல்லீங்களே. சரி, அதுக்கு முந்தி எங்க இருந்தாங்க?"

"கடல்லதான்."

"அப்ப அங்கேருந்து கெளம்பினதுக்குச் சான்று? பழைய ஊர்ல அத வாங்கிட்டு வந்தாத்தானே இங்க பதிய முடியும்? இந்த ஊருக்கு மாறி வந்தப்ப நானே வாங்கிட்டுத்தான் வந்தேன்."

"கடலுக்குள்ள ஏதுய்யா ஆபீசு?" என்று சீறினார் படகுக்காரர் வகுயி.

"கோவப்படாதீங்க பெரியவரே, வழி இருக்கு. சாமியத் திரும்பக் கடல்ல விடுங்க. என் கண்ணெதிர வலையில ஏறட்டும். இன்னிக்குத் தேதி போட்டுக் குடிவரவு குடுத்துடறேன்."

பூசாரி அழுதேவிட்டார். ஆனால் கோயிலே போய்விட்டால் சாமியை எங்கே வைப்பது? கண்ணை மூடிக்கொண்டு பட்டோடு கடலில் இறக்கினோம்.

"மூணு தடவ வந்தவரு, நாலாந்தடவ வராமலா போயிடுவாரு?" என்று வகுயி வலை வீசினார்.

முதலில் ஒரு ரப்பர் செருப்பு ஏறியது. ஒகாஜிமா எழுதப் போனார். பூசாரி பாய்ந்து பேனாவைப் பிடித்தார். அடுத்து வந்தது, துறைமுகச் சுவரிலிருந்து உடைந்த சிமென்ட் கட்டி, கம்பி நீட்டிக்கொண்டு.

"இவங்கதானே?" என்றார் ஒகாஜிமா.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இல்லை என்று சொல்ல, முன்னே பின்னே பார்த்திருக்க வேண்டுமே!

"பட்டு அவுந்து போயிருக்கும்," என்றார் யாரோ.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். ஐந்துக்கு அலுவலகம் மூடிவிடும். கையெழுத்துக்குப் பதிலாக ஆளாளுக்குப் பெயர் முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்தினோம். கட்டிக்குப் புதுப்பட்டு சுற்றிப் பெட்டியை மூடினோம்.

ஒகாஜிமா போனபின் பூசாரி மெல்லக் கேட்டார்: "அண்ணே, அவரு அந்தத் தண்ணியிலதான் இருப்பாரு. நாளைக்கு ஒருக்கா வலை போட்டுப் பாப்பமா?"

வகுயி தலையைச் சொறிந்தார். "கெடைச்சிட்டா என்ன பண்றது பூசாரி? மறுபடியும் படிவம்ல நெரப்பணும்!"

நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் சன்னதிக்குப் போய் எங்கள் முறைப்படி இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஊரைக் காப்பாற்றும்படி வேண்டிக்கொண்டோம். மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் எவரும் வலை வீசுவதில்லை. சாமி ஏறிவிடுமோ என்று பயம்.