தூண் மறைத்த நாத்தனாருக்கு

என் கணவரின் கூடப்பிறந்த தங்கையும், இருபத்தொன்பது வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவருமான தங்களுக்கு, தங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும், தங்கள் இரண்டு முழங்கால்களும், தங்கள் வீட்டுக்காரரின் ரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இது சமாதானக் கடிதம் அல்ல. அப்படி யாராவது சொன்னால் தாங்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அதைத் தங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பேத்தியின், அதாவது தங்கள் அண்ணன் பேத்தியின், கடைசி வருடத் தேர்வு அந்தரத்தில் நின்றுவிடும். அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன், வேறு எதற்காகவும் இல்லை.

பேத்தி பல்கலைக்கழகத்தில் நாடகமும் நடனமும் படிக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். "அதையெல்லாமா காலேஜ்ல படிப்பாங்க" என்று தாங்கள் என் மருமகளிடம் போனில் கேட்டது எனக்கும் தெரியும், அன்று புதன்கிழமை. நானும் அதையேதான் கேட்டேன், ஆனால் நான் கேட்கலாம், நான் பாட்டி. இரண்டு மாதத்துக்கு முன் பல்செட் கட்டிக்கொள்ள அவள் படிக்கிற இந்த ஊருக்கு வந்தேன். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று சொன்ன பல் டாக்டர் மேல்செட்டை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார், கீழ்செட்டுக்கு இன்னும் அளவே எடுக்கவில்லை. அதுவரை பேத்தியின் அறையில் வாசம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஆள் உயரக் கண்ணாடி. வந்த மறுநாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்தால் பிள்ளை தரையில் மல்லாந்து கிடக்கிறாள், வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, வயிறு ஏறி இறங்குகிறது, "ஆ... ஊ... ம்ம்ம்" என்று ஒரு சத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தூக்கி வந்து முகத்தில் ஊற்றிவிட்டேன். "குரல் பயிற்சி பாட்டி, இதுக்கு மார்க் உண்டு" என்று எழுந்து உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் திறந்து வைத்திருந்த நோட்டுப் புத்தகம் காய மூன்று நாளாயிற்று.

பல் டாக்டர் இருப்பது அவள் படிக்கிற கட்டிடத்துக்கு அடுத்த தெரு. காலையில் சீட்டு வாங்கினால் மாலையில்தான் கூப்பிடுவார்கள். நடுவில் எங்கே போவது? அவர்களுடைய ஒத்திகைக் கூடத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். சுவரெல்லாம் கறுப்பு. நல்ல ஜன்னல்கள், அவற்றுக்கும் கறுப்புத் துணி. தரை முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாக டேப் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒருவர் வந்து நிற்க வேண்டிய இடமாம். அவர்களுக்குப் பாடம் எடுக்கிற அம்மாவின் கழுத்தில் விசில் தொங்கும், அதனால் அவருக்குப் பெயரே விசிலம்மா. அவர் ஒரு தடவை ஊதினால் எல்லோரும் கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும், மறுபடி ஊதினால் எடுத்த காலோடு அப்படியே நிற்க வேண்டும். முதல் நாள் பாத்ரூம் போக எழுந்த நானும் நின்றுவிட்டேன். "பாட்டியப் பாருங்க, உடம்பு மொத்தமும் ஒரு கால்ல எப்படி நிக்குதுன்னு" என்று என்னைக் காட்டியே பாடம் நடத்தினார் விசிலம்மா. எனக்கு எவ்வளவு அவசரம் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. மேடையின் இடது பக்கம் இருக்கிற நாற்காலியில் உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன், அது வலதாம். மேடையில் நின்று ஜனங்களைப் பார்க்கிறவருக்கு எது இடதோ, அதுதான் அங்கே எல்லோருக்கும் இடதாம். "சாப்பிடற கை எதுன்னு எனக்குத் தெரியாதா, உங்களுக்காக என் இடத மாத்திக்க முடியாது" என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துகொண்டேன்.

தேர்வு என்னவென்றால், ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இன்னும் தீராத ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு அதை நாடகமாகவும் ஆட்டமாகவும் போட்டுக் காட்ட வேண்டும். யார் பக்கமும் சாயக் கூடாது. சண்டை போட்ட இரண்டு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாலும் "இது பொய்" என்று ஒருவர்கூட எழுந்திருக்கக் கூடாது, அப்போதுதான் முழு மார்க். ஒருத்தி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த சைக்கிள் சண்டையை எடுத்தாள். நம் பிள்ளை நம்மை எடுத்துவிட்டாள். "உன்ன விட்டா இவ்வளவு துல்லியமா யாரு பாட்டி சொல்லுவாங்க" என்றாள். அது உண்மைதான், நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுதி வைத்துப் பழக்கமில்லை, அதனால் எதையும் மறந்தும் பழக்கமில்லை. இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன். தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது.

உன் அண்ணன் ஓய்வுபெற்ற நாளை அப்படியே சொன்னேன். அலுவலக மாடிக் கூடம், நாற்பத்தாறு பேர், ஏழு ஜன்னல், இடது பக்கம் ஒரு தூண், இரண்டு மின்விசிறி ஓடவில்லை. மைக் விடாமல் கீச்சிட்டது. எல்லோரும் பேசி முடித்ததும் போட்டோ. நடுவில் உன் அண்ணன், ஒரு பக்கம் நான், மறு பக்கம் உனக்கென்று நானே பிடித்து வைத்த நாற்காலி. நீ கதவருகே நின்றாய், பச்சைப் புடவை, கையில் பழுப்புப் பை. நான் எழுந்து கையை உயர்த்தி உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னை நேருக்கு நேர் பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய், கதவைத் தாண்டிப் போய்விட்டாய். போட்டோக்காரர் காத்திருக்கவில்லை. காலி நாற்காலியோடு படம் எடுத்தார்கள், இன்றைக்கும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லோரும் "இது யாரோட சீட்டு" என்று கேட்காமல் போனதில்லை. இதை நான் சொல்லச் சொல்ல அவர்கள் தரையில் டேப் ஒட்டினார்கள், பலகையில் தூண் செய்து கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

உன் வேஷம் போடுகிறவன் ஆறடி உயரம், அவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். மீசை வேறு. முதலில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், நீ குதிகாலை முதலில் ஊன்றி நடப்பாய், உலகத்தில் எல்லோருக்கும் உன் பைமேல் கண் என்பதுபோல அணைத்துக்கொள்வாய், பதில் சொல்வதற்கு முன் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவாய் என்று. மூன்றே நாளில் அச்சு அசலாக நீ. இப்போது டீ குடிக்கப் போகும்போதும் அப்படித்தான் போகிறான். கதவு பக்கம் அவன் தலை தெரிந்தாலே என்னை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், பிறகு அவன் வந்து, "பாட்டி, நான்தான், டீ வாங்கிட்டு வந்தேன்" என்பான்.

போன செவ்வாய்க்கிழமை முழு ஒத்திகை. என் வேஷம் போடுகிற பேத்தி எழுந்தாள், கையை உயர்த்தினாள், கூப்பிட்டாள். நெட்டையன் கதவருகே டேப்பின்மேல் நிற்கிறான், ஆனால் முகத்தைத் திருப்பவே இல்லை.

"திருப்புடா" என்றேன்.

"எதப் பாத்துட்டுத் திருப்பறது பாட்டி? இங்கேர்ந்து எனக்கு யாரும் தெரியல. தூண் மறைக்குது."

"தலைய நீட்டிப் பாரு."

"நீட்டினாலும் தூண்தான்."

விசிலம்மா போய் அந்த இடத்தில் நின்றார். அவருக்கும் தூண்தான் தெரிந்தது. நான் போய் நின்றேன். ஒரு அடி தள்ளி நின்றேன், குனிந்தேன், எக்கினேன். எதிரே பலகை, அதில் அடித்த வெள்ளைப் பெயின்ட், ஒரு ஆணி. சத்தமாவது கேட்டிருக்காதா என்றேன். "மைக் கீச்சிட்டுதுன்னு நீதானே பாட்டி சொன்ன" என்றாள் பேத்தி. அதோடு விட்டாளா? "அவங்களுக்கு உன்னத் தெரியலன்னா, உனக்கு மட்டும் அவங்க மொகம் எப்படித் தெரிஞ்சுது?" என்றும் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மேல்செட்டு தானாகக் கீழே இறங்கிவிட்டது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அறைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு ஞாபகப் பிசகு என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. ஆனால் பலகைக்கு முன்னால் நானே நின்று பார்த்தேனே. நான் கண்டது உன் முதுகை மட்டும்தான் போலிருக்கிறது, முகத்தை இந்த இருபத்தொன்பது வருடத்தில் நானே வரைந்து ஒட்டியிருக்கிறேன். அந்த முகத்தை நம்பி, உனக்குத் தெரிந்தும் தெரியாமலும் நான் என்னவெல்லாம் செய்துவிட்டேன். நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். உன் கால் முறிந்து நீ படுத்திருந்தபோது, எப்படி இருக்கிறாய் என்று என் மகனைவிட்டுக் கேட்கச் சொன்னேன், நான் கேட்டதாகச் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். உன் மகள் கல்யாணத்துக்குப் பல்வலி என்று சொல்லி வராமல் இருந்தேன். அன்று பல்லுக்கு ஒன்றும் இல்லை, பிறகுதான் ஒவ்வொன்றாக விழுந்தது. உன் அண்ணன் போன அன்றுகூட நாம் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் கையில் இருந்த டம்ளரில் தண்ணீர் தீர்ந்திருந்தது. எழுந்து ஊற்றலாம் என்று நினைத்தேன், ஊற்றவில்லை. தூணின் சார்பாக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதினால் எழுத்துக்கூட்ட வராது, அதனால் எழுதவில்லை. என்னிடம் இரவல் வாங்கிப் போன பூப்போட்ட குடையைப் பற்றிய வருத்தம் தனி, அதற்கும் தூணுக்கும் சம்பந்தமில்லை, வரும்போது எடுத்து வா.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நெட்டையன் நகர மாட்டேன் என்கிறான். அவன் சொல்வது இது: "கோபத்துல வெளிய போனாங்கன்னா போகலாம். கோபம் இல்லன்னு ஆயிடுச்சு. இப்ப எதுக்காகப் போறேன்னு தெரியாம என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது பாட்டி." எதையாவது நினைத்துக்கொண்டு போடா, பஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள் என்றேன். விசிலம்மா விசிலைக்கூட ஊதாமல், "நிஜமான காரணம் அவங்க ஒருத்தருக்குத்தானே தெரியும், நீங்க கேக்கவே இல்லையா?" என்றார். இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. நீ ஏன் போனாய்? உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, அல்லது அந்த வரிசையில் உனக்கு நாற்காலி இருக்காது என்று நினைத்துவிட்டாயா? இருந்தது. நான் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன்.

எழுதி அனுப்ப நேரமில்லை என்றால் நேரில் வந்து நெட்டையன் காதில் சொல்லிவிடு. முன்வரிசையில் இரண்டு இடம், கடிதத்தோடு உன் அனுமதிச் சீட்டை வைத்திருக்கிறேன், அடுத்த இடம் என்னுடையது. மூன்றரைக்கே வந்துவிடு, கறுப்புத் துணியெல்லாம் இழுத்துவிட்ட பிறகு படி தெரியாது. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பைச் சொல். உன் மகளுக்கும் அவள் குழந்தைகளுக்கும் என் ஆசிகள், கல்யாணத்தன்று தராமல் விட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள், பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சேதி. மேடையில் மாட்ட வேண்டும் என்று பேத்தி கேட்டிருந்ததால், அந்தப் போட்டோவை என் மகன் சற்றுமுன் போனில் அனுப்பினான். அவள் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பிறகு, "பாட்டி, தூண் இடது பக்கம்னு சொன்னியே, அது எந்த இடது?" என்றாள். மற்றதையெல்லாம் ஜன்னலோரம், கதவருகே, மேசைக்கு முன்னால் என்று அடையாளம் சொன்ன நான், தூணுக்கு மட்டும் சுவரில் தொங்குகிற படத்தை மனதில் வைத்து, படத்தைப் பார்க்கிறவருக்கு எது இடதோ அதைச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் தங்கள் வழக்கப்படி மேடையில் நிற்கிறவரின் இடதில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, நிஜத்தில் தூண் இருந்தது எதிர்ப்பக்கம், உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு கொசுகூட இல்லை. நீ என்னைப் பார்த்தாய், முகத்தையும் திருப்பினாய். என் ஞாபகத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகில்லை. மேலே வருத்தம் தெரிவித்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன், மை தாளின் பின்பக்கம் ஊறும் என்று மூடிவிட்டேன். நெட்டையன் முகம் தொங்கிவிட்டது. "தூணுக்குக் கீழ சக்கரம் இருக்கு பாட்டி, ஒரு தள்ளு தள்ளினா அந்தப் பக்கம் போயிடும், தள்ளிடவா?" என்று கேட்டான். சனிக்கிழமை முடிகிறவரை நின்ற இடத்திலேயே நிற்கட்டும், நீ காரணத்தை மட்டும் கேட்டுக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். நீ வா. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தூணை நாம் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொள்ளலாம்.