மூன்றாவது நிமிஷம்

ஞாயிறு காலை முடிவெடுத்துவிட்டேன். இனி என் வீட்டில் எந்தப் போனும் பாதியில் அறுந்து போகக் கூடாது.

மகள் வாரம் ஒரு தடவைதான் வீடியோவில் வருவாள். கட்டினவனோடு ஒத்துவராமல் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். அம்மாவோடு அரை மணி பேசுவாள், ஒன்றும் ஆகாது. நான் வந்து உட்கார்ந்தால் மூன்றாவது நிமிஷம் கட். நாலு மாதமாக இதே கதை.

"நெட் சரியில்லைங்க" என்பாள் மனைவி. போனைப் பிடிப்பது அவள்தான். என் கை நடுங்கும். நான் பிடித்தால் மகளுக்கு என் மூக்குத் துவாரம்தான் தெரியுமாம்.

முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக் நான். ஒற்றை வடத்தில் லிஃப்டைத் தொங்கவிட்டிருந்தால் என்னைத் தொங்கவிட்டிருப்பார்கள். போனுக்கு மட்டும் எதற்கு ஒரே நெட்? தெருமுனை செல்போன் கடைக்குப் போனேன்.

"வைஃபையும் சிம்மும் ஒரே நேரத்துல ஓடுற மாதிரி வச்சிட்டேன், பெரியவரே. ஒண்ணு சோர்ந்தா இன்னொண்ணு தாங்கிக்கும்."

சாயங்காலம் மகள் வந்தாள். படம் பளிச்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"இளைச்சுட்டே."

"ம்."

"நான் அப்பவே சொன்னேன், அவன் வேண்டாம்னு..."

கட்.

போனைப் பிடுங்கினேன். வைஃபை முழுசு. சிம் முழுசு. மனைவியின் கட்டைவிரல் மட்டும் சிவப்புப் பொத்தானை விட்டு மெதுவாக நகர்ந்தது.

"நீயா?"

"நானேதான்."

"நாலு மாசமாவா?"

"பின்ன? 'அப்பா அதையே சொன்னா இனிமே பேசவே மாட்டேன்'னு அழுதா. பழியை நெட் மேல போட்டேன். நெட்டுக்கென்ன, கோவிச்சுக்கவா போகுது?"

"ரெண்டு வடம் போட்டுட்டு வந்திருக்கேன்டி!"

"எத்தனை வடம் போட்டாலும் பாரம் கூடினா லிஃப்ட் நகராதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு போனை நானே பிடித்தேன். மூக்கைப் பார்த்து மகள் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளுக்குப் பின்னால் மேஜை தெரிந்தது. ஒரு நாற்காலி. ஒரு தட்டு. ஒரு டம்ளர்.

'அப்பவே' தொண்டைவரை வந்துவிட்டது. சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, அதுக்குள்ளயா?"

"நெட் போச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."