நார்த்தூள் மலை

மூன்றாவது முறை பூஜிதா வந்து மோதியதில் கேட் கழன்று விழுந்தது. பூஜிதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டு வயது. பள்ளிச் சுற்றுலாவில் மணாலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு ஆரம்ப வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டு வந்தவள். வந்ததிலிருந்து ஒரே பேச்சு, பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டும். சரவணம்பட்டியில் பனிக்கு எங்கே போவது? பம்ப்செட் கடை வைத்திருக்கும் அவள் அப்பா கதிர்வேல், பிள்ளை மனசு நோகக் கூடாதென்று சறுக்குக் கட்டைகளை மட்டும் வாங்கிக் கொடுத்தார். அவள் வீட்டுக்குள் கார் ஏறும் சரிவில் சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பழக ஆரம்பித்துவிட்டாள்.

கேட்டைச் சரிசெய்து, இனிமேல் திறந்தே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார் கதிர்வேல். மறுநாள் அவள் கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு, அவர்கள் வீட்டு வாசற்கோலத்தின் மேல் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒரு மலைய வாங்கிக் குடுத்துப்போடுங்க. ஊடாவது மிஞ்சட்டும்" என்றாள் அவர் மனைவி அன்புக்கரசி.

மலை அவளுடைய அண்ணனிடமே இருந்தது. அப்புசாமி உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய் நார் மில் நடத்துகிறவர். மில்லுக்குப் பின்னால் நார்த்தூள் இரண்டு மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஓஸ் பைப்பால் நனைத்துவிட்டால் வழுக்கும் என்று அவரே சொன்னார்.

உச்சியிலிருந்து பூஜிதா குனிந்து கிளம்பினாள். சோறு தின்ன ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிற பிள்ளை, எழுப்பினால் திரும்பிப் படுத்துக்கொள்கிற பிள்ளை, பருந்து இறங்குவதுபோல இறங்கி வந்தது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் கட்டைகள் அந்தப் பக்கம் வளைந்தன. அடிவாரத்துத் தூளில் இடுப்புவரை புதைந்து, பல்லில் தூளோடு சிரித்தாள். மில்லில் நார் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.  தன் வீட்டில் இத்தனை நாளாக யாரை வளர்த்துக்கொண்டிருந்தோம் என்று கதிர்வேலுக்கே விளங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் குவியல் பாதியாகச் சரிந்து களமெல்லாம் பரவிவிட்டது. ஏற்றுமதிக்காகக் காய வைத்திருந்த தூள் முழுக்க நனைந்து போனது. மச்சினர் என்ன சொல்வாரோ என்று கதிர்வேல் பயந்தார். அப்புசாமியோ ஜேசிபியை வரவழைத்து முன்னிலும் உயரமாகக் குவிக்கச் சொன்னார்.

"தூளு கெடக்குதுங்க மாப்ள. நம்ம வமுசத்துல இப்புடி ஒன்னு பொறந்திருக்குதே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மில் ஓடவில்லை. அப்புசாமி எடுத்த வீடியோவைப் பூஜிதா மணாலிப் பயிற்சியாளருக்கு அனுப்பினாள். இவ்வளவு வேகத்தைப் பிள்ளைகளிடம் தான் பார்த்ததே இல்லை என்று பதில் எழுதிய அவர், பள்ளிப் பிள்ளைகளுக்கான பந்தயத்தில் அவள் பெயரைத் தானே சேர்த்துவிட்டார். அவளோடு ஆரம்ப வகுப்பில் படித்த தோழி கனிஷ்காவும் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கதிர்வேல் கிளம்பினார்.

பனிமலையை அவர் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு அண்ணாந்தாலும் இன்னும் மேலே வெள்ளையாக இருந்தது. அதன் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தன் மகள் நிற்பதைப் பார்த்ததும் மருதமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மற்ற பிள்ளைகள் வழியில் நட்டிருந்த ஒவ்வொரு கொடிக் கம்பத்தருகிலும் கட்டையைக் குறுக்கே திருப்பி, பனியைச் சீவி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பினார்கள். கனிஷ்காவும் அப்படித்தான் பத்திரமாக வந்து சேர்ந்தாள். பூஜிதா எந்தக் கம்பத்தருகிலும் வேகத்தைக் குறைக்கவில்லை. வளைந்தாள், இன்னும் வேகமானாள், மறுபடி வளைந்தாள். எல்லைக் கோட்டைத் தொட்டபோது அவள்தான் முதல்.

கோட்டோடு விடவில்லை. தடுப்பு வலையைப் பிய்த்துக்கொண்டு, நடுவர் மேசையைச் சுற்றி, டீக்கடை வரிசையை இரண்டாகப் பிளந்து, தூரத்தில் வழித்துக் கொட்டியிருந்த பனிக்குவியலுக்குள் மறைந்தாள். ஒரு கட்டை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு ஒரு கை வந்து ஆட்டியது. மலையே கைதட்டுவதுபோல இருந்தது.

பயிற்சியாளர் ஓடி வந்து கதிர்வேலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ கேட்டார்.

"இந்தப் புள்ளைக்குப் பயமே கெடையாதான்னு கேக்கறாருங்க அங்கிள்" என்றாள் கனிஷ்கா.

கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வமுசத்துக்கே அது கெடையாதுங்கன்னு சொல்லு கண்ணு."

கனிஷ்கா பனிக்குவியலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அதில்லீங்க அங்கிள். கட்டைய நிறுத்தறது எப்புடின்னு கிளாஸ்ல மூணாவது நாள்தானுங்க சொல்லிக்குடுத்தாங்க. அன்னிக்கு இவ காய்ச்சல்னு ரூம்லயே படுத்துட்டாளுங்க."