ஏழு வகை ஓகே

அந்த அலுவலகத்தில் ஓர் இயக்குநர் இருந்தார். எந்தக் காகிதம் போனாலும் ஓரத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கீழே ஒரு சுழி சுழிப்பார். படித்துவிட்டுப் போட்டாரா, பார்க்காமலே போட்டாரா என்பது அவருக்கும் பேனாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இருபது வருஷம் நிர்வாகம் அமோகமாக நடந்தது.

கெடுத்தது ஒரு மரம். வாசல் மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒருவர் மனுக் கொடுத்தார். வெட்டவே கூடாது என்று இன்னொருவர் கொடுத்தார். இரண்டிலும் ‘ஓகே’. ஆகவே விதிமுறைப்படி பாதி மரம் வெட்டப்பட்டது. மேலிடம் விளக்கம் கேட்டது.

இயக்குநர் தலைமை எழுத்தரைக் கூப்பிட்டார். “நான் போடுற ஓகேயைப் புரிஞ்சுக்க இங்க ஆளில்லைய்யா. ஒரு சுற்றறிக்கை தயார் பண்ணுங்க.”

‘படிச்சுட்டுப் போட்டா தீந்தது’ என்று சொல்ல வாய் வரை வந்தது. தலைமை எழுத்தர் விழுங்கிக்கொண்டார். பாவம், அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். ஒரே மகளுக்கு மூன்று வருஷமாகத் தேடி இப்போதுதான் ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. அன்று காலை பத்து மணிக்குப் போய்ப் பேசி முடிக்காவிட்டால் அவர்கள் வேறு பெண் பார்த்துவிடுவார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்வதுதான் அவருடைய நிர்வாக முறை.

மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார். பார்த்த ஓகே, படித்த ஓகே, படிக்காத ஓகே, அனுமதி ஓகே, அப்புறம் பார்க்கலாம் ஓகே, ஆளை விடு ஓகே, அவசர ஓகே என ஏழு வகை. ‘வகை குறிப்பிடப்படாத ஓகே, ஓகே அல்ல எனக் கருதப்படும்’ என்று முடித்தபோது அவருக்கே புல்லரித்தது. அதோடு லீவு விண்ணப்பத்தையும் சேர்த்து உள்ளே அனுப்பினார்.

புதன்கிழமை இரண்டும் திரும்பின. இரண்டிலும் ‘ஓகே’.

லீவுப் பிரிவு அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “இது எந்த ஓகே சார்?”

“அனுமதி ஓகேதாம்மா.”

“அப்படி எழுதலையே. வகை போடாத ஓகே செல்லாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“சுற்றறிக்கை இன்னும் அமலுக்கே வரலையேம்மா!”

“அதான் ஓகே ஆயிருக்கே.”

“அது எந்த ஓகேன்னு யாருக்குத் தெரியும்?”

“அதைத்தான் சார் நானும் கேக்கறேன்.”

தலைமை எழுத்தர் இயக்குநரின் அறைக்கு ஓடினார். அவர் போனில் இருந்தார். விண்ணப்பத்தை நீட்டி, “சார், இது எந்த வகை?” என்றார். இயக்குநர் தலையை ஆட்டி, “ஓகே, ஓகே” என்றார். இரட்டை ஓகேக்குச் சுற்றறிக்கையில் இடமே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தலைமை எழுத்தர் தம் நாற்காலியில்தான் இருந்தார். பதினொன்றுக்குத் தரகர் போன் செய்தார். அந்த இடம் கைவிட்டுப் போய்விட்டது.

மாலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், மகள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் இளைஞன் எழுந்து நின்றான்.

“அப்பா, காலைல பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க கல்யாணம் முடிஞ்சுது” என்றாள் மகள்.

“யாரைக் கேட்டு?”

“உங்களைத்தான். நாலு மாசம் முன்னாடி இவரைப் பத்தி எல்லாம் சொன்னேன். ஃபைலைப் பாத்துக்கிட்டே ‘ஓகே’ன்னீங்க. போன வாரம், ‘வெள்ளிக்கிழமை கண்டிப்பா வரணும்ப்பா’ன்னேன். அதுக்கும் ‘ஓகே’. கடைசி நிமிஷம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்பா.”

“ஐயோ, அது படிக்காத ஓகேம்மா!” என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் வெட்கமாக இருந்தது. கண் கலங்கி, மகள் தலையில் கை வைத்து, “நல்லா இருங்க ரெண்டு பேரும்” என்றார்.

இளைஞன் தயங்கினான். “மாமா, நிஜமாவே சம்மதந்தானே?”

“அனுமதி ஓகே மாப்பிள்ளை, அனுமதி ஓகே!”

பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்த மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே நீ சொல்றதையெல்லாம் காது கொடுத்துக் கேப்பேன். என்மேல கோபம் இல்லையே?”

முப்பது வருஷம் அந்த ஒரு சொல்லை மட்டுமே பதிலாக வாங்கிய அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓகே.”

அது ஏழில் எதிலும் சேராது என்பது மட்டும் தலைமை எழுத்தருக்கு விளங்கியது.