கிடை அச்சும் செல்வியின் நிச்சயதார்த்தமும்

கணக்கு டீச்சரை நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிடலாம். மைக்கை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது. அது எனக்கே தெரியும். ஆனால் அன்று நான் சொன்ன விடை சரி. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வந்த புதிது. என் நாத்தனார் செல்விக்கு நிச்சயம். பந்திக்கு இலை போடும் வரை பொழுது போக வேண்டுமே என்று, மாப்பிள்ளையின் தாய்மாமா மைக்கைப் பிடித்து வினாடி வினா ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போட்டி. (மைக் இல்லாமலே சேத்தூர் வரை கேட்கும் குரல் அவருக்கு.)

இரண்டு பக்கமும் சமம். கடைசிக் கேள்வி எங்களுக்கு. தப்பாகச் சொன்னால் வெற்றி அவர்களுக்கு.

"கிராஃப் பேப்பர்ல படுத்திருக்கிற கோட்டுக்கும் நிக்கிற கோட்டுக்கும் பேரு என்ன?"

எங்கள் வீட்டார் மொத்தப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து நின்று, வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன்: "படுத்திருக்கிறது கிடை அச்சு, நிக்கிறது செங்குத்து அச்சு."

"தப்பு! எக்ஸ் அச்சு, ஒய் அச்சு. மாப்பிள்ளை வீடு ஜெயிச்சிருச்சு!"

அதோடு உட்கார்ந்திருக்கலாம். மாமியார் என் சேலையைப் பிடித்து இழுக்கவும் செய்தார். நான் மேடையேறி மைக்கை வாங்கினேன். (வாங்கினேன் என்பது நான் சொல்வது. வீடியோவில் பிடுங்குவது போலத்தான் இருக்கிறது.)

"மாமா, எக்ஸ், ஒய்ங்கிறது நாம வைக்கிற பேரு. மாசா மாசம் பெஞ்ச மழைய வரைஞ்சா, படுத்திருக்கிறதுக்கு மாசம்னு பேரு வைப்போம், நிக்கிறதுக்கு மழைன்னு வைப்போம். எந்தப் பேரு வச்சாலும் கிடை கிடைதான், செங்குத்து செங்குத்துதான்."

"ஏம்மா, பி.காம் படிச்ச எனக்கேவா?"

வரைந்து காட்டினால்தான் புரியும் என்று தோன்றியது. மண்டபத்தில் கரும்பலகைக்கு எங்கே போவது? பின்னால் செல்வியும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் இருந்தது. குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அது இருவர் கழுத்தையும் கடந்து போனது. மேலிருந்து கீழாக இன்னொன்று. அது மிகச் சரியாக இருவருக்கும் நடுவில் இறங்கியது.



"ஏட்டி, ரெண்டு பேரையும் கோடு போட்டுப் பிரிச்சிட்டியே!" என்று மாமியார் தலையில் கை வைத்தார்.

தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தச் சம்பந்தம் வேணுமான்னு செத்த நேரம் யோசிங்க. நான் போறேன்."

அப்போதுதான் செல்வியைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. ஓடிப்போய் வாசலில் அவரை மறித்தேன்.

"மாமா, பேனர்ல கிறுக்குனது தப்பு. மன்னிச்சுக்கோங்க."

"அப்ப எக்ஸ், ஒய்தான் சரின்னு சொல்லு."

"அதுவும் சரி மாமா. நான் சொன்னதும் சரி."

என் கணவர் பக்கத்தில் நின்று கண்ணாலேயே என்னைக் கும்பிட்டார். நான் அசையவில்லை. அதற்குள் மாப்பிள்ளையே சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "மாமா, அக்கா சொல்றதும் சரிதான். எங்க புஸ்தகத்துல ரெண்டு விதமாவும் போட்டிருந்துச்சு. வாங்க, பாயாசம் ஆறுது."

நிச்சயம் நடந்தது. தாய்மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இரு வீட்டிலும் எனக்குப் பெயர் 'செங்குத்து'. வளையவே மாட்டேனாம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் தாய்மாமாதான் முதலில் கூப்பிடுவார்: "என்ன செங்குத்து, சௌக்கியமா?"

கேலிதான். கேலியாகவே இருக்கட்டும். நிற்கிற கோட்டின் பெயர் அவர் வாயாலேயே வருகிறதே! ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் அவருக்கு முழு மார்க் போட்டுவிடுகிறேன்.