நைனாவுக்குப் பூனைக்காலி

வீட்டில் ஒரு நோயாளி இருந்தால் ஊரில் எல்லோருமே வைத்தியர்கள். அவர்களில் மிக ஆபத்தானவன் நோயாளியின் மகன்.

என் நைனா காலமெல்லாம் மலைச்சாலையில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நரம்பு நோய், மாத்திரையில் கட்டுப்படும், குணமாகாது என்றார் டாக்டர். அன்று முதல் நைனா அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். யார் எதிரிலும் சாப்பிட மாட்டார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வருவதில்லை. (என்னைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.)

ஒடுகத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் சும்மா இருப்பேனா? ரிப்பேருக்கு வந்த போனில் ஒரு வீடியோ ஓடியது. நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதை நல்லதாம். காட்டில் மரத்துக்கு மரம் படர்கிற சாதாரணக் கொடிதான். விதையைப் பாலில் வேகவைத்து, தோலுரித்து, காயவைத்துப் பொடிக்க வேண்டும். காயை எப்படிப் பறிப்பது என்று சொல்ல ஆரம்பித்தபோது, போனுக்குச் சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மனைவியின் தம்பி செல்வத்தின் பைக்கில் ஜவ்வாது மலை ஏறினேன். ஒரு வளைவில், புங்கமரத்தின் மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கின காய்கள். பொன்னிற ரோமம், பூனைக்குட்டி மாதிரி. தடவிக்கூடக் கொடுத்தேன். பை எடுத்து வரவில்லை. சட்டையைக் கழற்றி, அதில் காய்களை மூட்டை கட்டி, வெறும் முதுகில் போட்டுக்கொண்டு பைக்கில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

“செல்வம், நிறுத்து.”

“இன்னா மாமா?”

முதுகெல்லாம் தாங்க முடியாத அரிப்பு. ஓடிப்போய் மைல்கல்லில் முதுகைத் தேய்த்தேன். அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. ஓட்டியவர் நைனாவிடம் தொழில் கற்றவர். வண்டியை ஓரங்கட்டி நைனாவுக்குப் போன் போட்டார். “அண்ணே, உம்புள்ள மைல்கல்லக் கட்டிப்புட்ச்சினு ஆடினு கீறான். இன்னான்னு பாருங்க.”

வீட்டு வாசலிலேயே மனைவி சுமதி மடக்கினாள். “அங்கயே நில்லுங்க. வூட்டுக்குள்ள கால வைக்காதீங்க.” உடம்பு முழுக்கச் சாணியைப் பூசினாள். காய்ந்ததும் உரித்தால், அரிப்பெடுக்க வைக்கும் அந்தக் காயின் ரோமம், சுணை, அதோடு வந்துவிடுமாம். பாதி வந்தது. மீதி அவள் கைக்கும் செல்வத்தின் கழுத்துக்கும் போனது. மூன்று பேரும் சொறிந்தோம். முதுகின் நடுவில், எனக்கு எட்டாத இடத்தில், நெருப்பாக எரிந்தது. சாணி வடிய, “நைனா, உனுக்கு நல்லாவணும்னுதான் போனேன்” என்று அழுதேன்.

நைனா வெளியே வந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டிலிருந்து கையை எடுத்தார்.

“முதுகக் காட்றா. இது சும்மாதான ஆடினு கீது.”

வைத்தார். அந்தக் கை மேலும் கீழும் நிற்காமல் ஓடியது. அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. செல்வம், “எனக்கும் கொஞ்சம்” என்று கழுத்தை நீட்டினான். நைனா சிரித்துவிட்டார். அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு சட்டையெல்லாம் சிந்தியது. யாரும் துடைக்கப் போகவில்லை.

விதையை அவர் சாப்பிடவே இல்லை. அதில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே சரக்கு, இரண்டும் சேர்ந்தால் வம்பு என்றார் டாக்டர். புகையோடு சுணை பறக்குமோ என்று மூட்டையை எரிக்கப் பயந்து குழிதோண்டிப் புதைத்தோம்.

நோய் அதன் வழியில் போனது. முதலில் நடை போனது, பிறகு பேச்சு. கடைசியில் கஞ்சியே தொண்டையில் இறங்கவில்லை. நைனாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அந்த டிரைவர் வந்து மைல்கல் கதையைச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குக் கை நடுங்கி எது சிந்தினாலும் “முதுகக் காட்டட்டா?” என்பதுதான் கேள்வி.

கொஞ்ச நாளாக டம்ளரைத் தூக்கினால் என் கட்டைவிரல் லேசாக ஆடுகிறது. சுமதி பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக் காட்டினாள்.